இரண்டு சாண் கூடுதல்

பெயரையும் தகப்பனார் பெயரையும் கதவு எண்ணையும் கேட்டார்கள், சொன்னேன், மேலே தனியாக எழுதிக்கொண்டார்கள். வயது ஐம்பத்தொன்று. தொழில் தையல். மருந்துக் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கிறேன், மருந்துக் கடையை ஒட்டிய சின்ன அறைதான் என் தையல் கடை. தெருவில் எல்லோரும் என்னைத் தையலக்கா என்பார்கள். கணவர் இல்லை, ஒரே மகள், அவள் என்னுடன் இருக்கிறாள். புகார் கொடுத்திருக்கும் எதிர்க்கடை மெத்தைக்காரர் என் கூடப்பிறந்த அக்காவின் கணவர், எனக்கு அத்தான் முறை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு தெரிந்துகொண்டு, இது குடும்பச் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது.

என் மகள் பெரிய மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். காலைப் பணி முதல் பஸ் வருவதற்கு முன்பே தொடங்கிவிடும் என்பதால் சைக்கிளில்தான் போவாள். சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், எங்கள் தெருவிலேயே ஓரமாக நின்ற ஒரு காரின் கதவை உள்ளே இருந்தவர் பின்னால் பார்க்காமல் திறந்ததில், அவள் கதவில் மோதி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்தது. கார்க்காரர் வெளியூர் ஆள், மன்னிப்புக் கேட்டார், அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. எலும்பு கூடிவிட்டது. அதன் பிறகு அவள் சைக்கிளைத் தொடவில்லை. மாடிப்படிக்குக் கீழே அது தூசு படிந்து நின்றது, அவள் என் கடையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தாள். அவள் ஊசி பிடித்தால் ஊசிக்கே வலிக்கும், தைத்துக் கொடுத்த சட்டைகள் போன வேகத்தில் திரும்பி வந்தன. இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்கு வயிறு எரிந்தது என்று நான் சொன்னதற்கு, அது சம்பவத்துக்குச் சம்பந்தமில்லை என்றார் எழுதுகிற காவலர். சம்பந்தம் உண்டு, எழுதிக்கொள்ளுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதன் பேரில் எழுதப்பட்டது.

அதன் பிறகு நகராட்சியில் எங்கள் தெருவில் சைக்கிள் பாதை போடலாமா என்று யோசிப்பதாகச் சொல்லி, நூலக மண்டபத்தில் கூட்டம் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வரைபடத்தின் நகல் ஒன்று கொடுத்தார்கள். ஓரமாகக் கார்கள் நிற்கும் வரிசை, அதை அடுத்துச் சைக்கிள் பாதை, அதற்கப்புறம் வண்டிகள் ஓடும் இடம். கடைக்காரர்கள் சார்பில் அத்தான் எழுந்து பேசினார். "இது என்ன ரப்பர் தெருவா, இழுத்தா அகலமாகறதுக்கு? இதுல ஒரு சாண் எடுத்தாக்கூட பஸ் போகாது, என் வேன் திரும்பாது. ஓட்டணும்னு ஆசைப்படறவங்க பூங்காவுல போய் ஓட்டட்டும்" என்றார். மண்டபமே கைதட்டியது. அதன் பிறகு நான் எழுந்து, துணி பத்தாது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்குத்தான் நான் தினமும் சட்டை தைக்கிறேன், விரித்து வைத்துப் பார்த்தால்தானே தெரியும், ஒரு நாள் கோடு போட்டுப் பாருங்கள் என்றேன். நகராட்சிப் பொறியாளர், "அதுக்கெல்லாம் ஒப்புதல் வேணும்மா, அடுத்த வாரம் உறுப்பினர்கள் ஓட்டெடுப்பு முடியட்டும்" என்றார். "போட்டுப் பாக்காமலே ஓட்டுப் போட்டுருவீங்களா?" என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள்.

வெளியே வந்தபோது அத்தான் என்னிடம், "ஊசி நூலோட நிறுத்திக்கோ, ரோடு விவகாரம் உனக்கெதுக்கு" என்றார். எலும்பு முறிந்த அன்று என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான், கடையைக்கூடப் பூட்டாமல் ஓடினார். அந்த மனிதரே இப்படிப் பேசியதால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அதன் பிறகு திங்கட்கிழமை, தெருவில் நெரிசல் அதிகமான நாள் என்பதால் அதையே தேர்ந்தெடுத்து, நன்றாக விடிந்த பிறகு வேலையை ஆரம்பித்தேன். மெத்தை உறைக்கு ஓரம் தைப்பதற்காக அத்தான் என் கடையில் கொடுத்து வைத்திருந்த வெள்ளை நாடாச் சுருள்களை எடுத்தேன். அவரைக் கேட்கவில்லை. திருடுகிறவள் வெளிச்சத்தில், எதிர்க்கடைக்காரர் கண்ணெதிரே விரிக்க மாட்டாள் என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் இருந்த அகலத்தை அளந்து, தையல் சாக்கட்டியால் குறித்து, என் கை வழக்கப்படி வேலை செய்து, பாதையின் இரண்டு ஓரத்துக்கும் தெரு முழுக்க நாடா விரித்து, அங்கங்கே துணிப் பசை வைத்து ஒட்டினேன். யாரையும் தடுக்கவில்லை. கேட்டவர்களிடம் அளவெடுக்கிறேன் என்றேன். நகராட்சி வேலை என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நான் அப்படிச் சொல்லவில்லை.

அதன் பிறகு பஸ்கள் போயின, குப்பை லாரி போனது, மருந்துக் கடைக்குச் சரக்கு வந்து இறங்கியது. கார்க்காரர்கள் கோட்டைப் பார்த்துவிட்டு ஓரத்தை நன்றாக ஒட்டி நிறுத்தினார்கள். நடுப்பகலில் என் மகள் கீழே வந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அம்மா, இதுக்குள்ள யாரும் வர மாட்டாங்களா?" என்றாள். "வந்தா நான் இருக்கேன்" என்றேன். அவள் வெட்டுத்துணி ஒன்றை எடுத்துச் சைக்கிளைத் துடைத்தாள். தெருமுனை வரை போய்த் திரும்பி வரும்போது, மெத்தைக் கடை வேனின் கதவு படாரென்று திறந்தது. திறந்தவர் அத்தான். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் பாதையில் இடம் இருந்தது. அவள் சற்று ஒதுங்கினாள், நாடாவைத் தாண்டவில்லை, கால் ஊன்றவில்லை, போய்விட்டாள். அத்தான் கதவில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு மெதுவாக இறங்கி, தரையைக் குனிந்து பார்த்து, "இது என் நாடாவாச்சே!" என்றார்.

சாயங்காலம் அவரே நாடா முழுவதையும் உரித்துச் சுருட்டி, மூட்டை கட்டி இந்தக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து வைத்து, நாடா திருட்டு, போக்குவரத்துக்கு இடையூறு என்று புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இன்று என்னை வரவழைத்த அதிகாரி, மன்னிப்புக் கேட்டு இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் புகாரைத் திரும்பப் பெற அத்தான் தயார் என்றார். அத்தானும் அக்காவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போது அக்கா, "ரெண்டு பேரும் சேர்ந்து என் மானத்த வாங்குறீங்க" என்றாள். கேட்காமல் நாடாவை எடுத்தது தப்பு, அதற்கு அக்கா எதிரிலேயே அத்தானிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கோடு போட்டதற்குக் கேட்க மாட்டேன். இனிமேல் செய்ய மாட்டேன் என்றும் எழுதித் தர மாட்டேன்.

புகாரையும் திரும்பப் பெறக் கூடாது என்பதே என் வேண்டுகோள். அதில் அத்தான், காலையிலிருந்து சாயங்காலம் வரை தெருவின் நீளத்துக்கும் நாடா கிடந்தது என்றும், முழுவதும் கிழியாமல் கைக்கு வந்தது என்றும் தன் கைப்பட எழுதியிருக்கிறார். இடையூறு என்றும் அதே தாளில் எழுதியிருக்கிறார். நாடா இந்த அறையிலேயே இருக்கிறது. பிரித்துப் பார்க்கலாம். கடை வாசல்களில் ஓரம் கட்டுவதற்காகக் கார் குறுக்கே ஏறிய இடங்களில் கறுப்பு, மற்ற இடங்களில் வெறும் தூசு. பஸ் ஏறவில்லை, லாரி ஏறவில்லை, அத்தானின் வேனும் ஓரம் கட்டக் குறுக்கே வந்ததோடு சரி.

அளவில் நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். துணியில் மாதிரித் தாளை வைத்தால் இரண்டு பக்கமும் தையலுக்கு இடம் விட்டுத்தான் கோடு போடுவேன், கை தானாக விட்டுவிடும். நகராட்சி வரைபடத்தையும் மாதிரித் தாள் என்றே கை நினைத்துக்கொண்டது. மறுநாள் கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண் கூடுதலாக எடுத்திருக்கிறேன். ஒரு சாண் எடுத்தாலே பஸ் போகாது என்ற தெருவில், நகராட்சி கேட்டதற்கு மேலும் இரண்டு சாண் எடுத்து, நாள் முழுக்க எல்லாம் போயிருக்கின்றன. ஓட்டெடுப்பு நாளில் நாடாவையும் புகாரையும் நகராட்சி உறுப்பினர்கள் முன்னால் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இல்லையென்றால் மறுபடியும் விரிப்பேன், இந்த முறை என் சொந்த நாடாவில்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது: என் மகள் இன்று காலை வேலைக்குப் போய்விட்டாள். சைக்கிளில்தான் போனாள். தெருவில் இப்போது கோடு இல்லை. அவள் திரும்புகிற நேரம் ஆகிவிட்டது, நான் வாசலில் நிற்க வேண்டும், சீக்கிரம் முடித்துக்கொடுங்கள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். எல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, எல்லாம் உண்மை.

(கையெழுத்து)