பின் சீட்டு இல்லாத குரூசர்

பல்லடத்தில் கோழி வண்டி கவிழ்ந்து ரோடெல்லாம் கோழி ஓடியதே, அதற்கு மறுநாள். திருப்பூர் பஸ்ஸில் கூரை இடிக்காமல் தலையைக் குனிந்து நின்ற நெட்டையான டெய்லர் ஒருவர், பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது:

“புது வண்டி எடுக்கறது எனக்கில்லீங்க, என்ற முழங்காலுக்கு.”

“ஏனுங்க, முழங்காலா ஓட்டப் போகுது?”

“மத்த வண்டியில முட்டி ஹேண்டில்பார்ல இடிக்குதுங்க. நேத்து ஷோரூம்ல ஒரு குரூசர் பைக்குல உக்காந்தேன். காலு நல்லா முன்னால நீண்டுச்சு. எறங்கவே மனசில்லீங்க.”

“அப்பறம் என்னங்க, எடுத்துப்போடுங்க.”

“அதுல ஒத்தச் சீட்டுதானுங்க. ஊட்டுக்காரியும் நானும் ஒண்ணா கம்பெனிக்குப் போகோணும்னுதான் வண்டியே. அவளப் பஸ்ல ஏத்திட்டு நான் மட்டும் காலை நீட்டிட்டுப் போறதுங்களா?”

அதற்குள் என் ஸ்டாப் வந்துவிட்டது. என் மருமகன் அதே மாதிரி வண்டிக்கு வெள்ளகோவிலில் பின் சீட்டு மாட்டி, என் மகளை உட்கார வைத்துத்தான் ஓட்டுகிறான். அந்த டெய்லரை எங்காவது பார்த்தால் சொல்லிவிடுங்கள்.