லாரி கேட்காத வீடு

மெஹ்னாஸ்: யாரு அத்தா இந்த ட்யூப்லைட்ட மாட்னது? மஃரிப் தொழுதுட்டு வந்து பாக்குறேன், ஹாலே வெள்ளையா எரியுது.

மதார் சாகிப்: நான்தான். இன்னா இப்போ?

மெஹ்னாஸ்: இந்த வூட்டுக்கு பிளான் வரைஞ்சவ உங்க பொண்ணு. என்னாண்ட ஒரு வார்த்த கேக்கலாம்ல? நாளைக்கு பத்திரிகைலேர்ந்து வூட்ட போட்டோ எடுக்க வராங்க. மனசு அடங்கட்டும்னு பாத்துப் பாத்து மஞ்ச வெளிச்சம் வெச்சேன். நடுவுல ஆஸ்பத்திரி மாரி...

மதார் சாகிப்: உன் மஞ்ச வெளிச்சத்துல தட்டுல கீறது கொழம்பா ரசமான்னே தெர்ல.

ஷம்ஷாத்: ரெண்டும் நான் வெச்சா ஒண்ணுதான். வுடு மெஹ்னாஸ், லைட்டு இருந்துட்டு போவுது.

மெஹ்னாஸ்: நீயுமாம்மா? கல்மண்டபத்து பழைய வூட்ல வாசல்லயே கன்டெய்னர் லாரி. எப்ப கூப்ட்டாலும், 'லாரி சத்தத்துல கேக்கலம்மா'ம்பாரு அத்தா. அந்த சத்தம் மனுசன தின்னுதுன்னுதான இங்க திருவொத்தியூர்ல ரெட்டக் கண்ணாடி ஜன்னலு, சத்தத்தக் குடிக்கிற சுவரு... சொல்லுங்க அத்தா, இப்ப எப்டி கீது?

மதார் சாகிப்: சோக்கா கீது. ஒரு சத்தம் இல்ல.

ஷம்ஷாத்: ம்... அவருக்குன்னே அளவெடுத்த வூடு.

மெஹ்னாஸ்: இன்னாம்மா நக்கலு?

ஷம்ஷாத்: நக்கல் இல்லடி...

மெஹ்னாஸ்: நேத்து லைட்ட அணைச்சிட்டு என் வேலையப் பத்தி சொல்லிகினு இருந்தேன். பாதில எந்திரிச்சுப் போய்ட்டாரு.

மதார் சாகிப்: தூக்கம் வந்துச்சு.

மெஹ்னாஸ்: வூடு புடிக்கலன்னா நேரா சொல்லிடுங்க அத்தா.

மதார் சாகிப்: புடிச்சிகீதுன்றேன்ல. லைட்ட மட்டும் வுட்டுடு.

மெஹ்னாஸ்: முடியாது. அந்த ஸ்டூல இப்டி தள்ளும்மா.

மதார் சாகிப்: கழட்டு, கழட்டு. நான் கல்மண்டபத்துக்கே போறேன். ...ஜன்னலாண்ட நிக்கிறேன், நீங்களே பேசிக்கோங்க.

மெஹ்னாஸ்: பாரு, முதுகக் காட்டிகினு நிக்கிறாரு. ஒரு லைட்டுக்கு இம்மாம் கோவம்...

ஷம்ஷாத்: ஸ்டூல வுட்டு எறங்கு. அவரு அந்தாண்ட திரும்பிகினு கீறாரு, இப்பதான் சொல்ல முடியும்.

மெஹ்னாஸ்: மெதுவாம்மா... காதுல வுழப் போவுது.

ஷம்ஷாத்: வுழாது.

மெஹ்னாஸ்: ...இன்னா?

ஷம்ஷாத்: கப்பலு உள்ள குந்திகினு சுத்தியால துரு தட்னவரு. காது போயி எத்தினியோ வருசம். நம்ம வாயப் பாத்துதான் பேசறாரு. லைட்ட எடுத்துட்டா அதுவும் போச்சு.

மெஹ்னாஸ்: அப்போ... லாரி?

ஷம்ஷாத்: லாரி இன்னா பண்ணும், பாவம். பழி போட வாகா வாசல்ல நின்னுகினு இருந்துச்சு. அத்தயும் நீ ஒழிச்சிட்ட.

மெஹ்னாஸ்: உனக்குத் தெரியும்னு அவருக்கு...

ஷம்ஷாத்: தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சிருவாரு. நீயும் தெரியாத மாரியே இரு. ...நம்பலன்னா கூப்ட்டுப் பாரு.

மெஹ்னாஸ்: அத்தா... அத்தா...

ஷம்ஷாத்: பாத்தியா?

மெஹ்னாஸ்: ...லைட்டு இருக்கட்டும்மா.

மதார் சாகிப்: நல்ல கண்ணாடியாத்தான் போட்டுகீற மெஹ்னாஸ். வெளிய இருட்டு, உள்ள ட்யூப்லைட்டு... உங்கம்மா பேசுனது ஒண்ணு வுடாம அதுல தெரியுது. ஷம்ஷாத்... ஒடையல. போயி டீயப் போடு.