எல்லைக்குப் போகிறவள்

அக்கா: ...குளிர் எடம்னு நீதானே சொன்ன? ஸ்வெட்டர் அலமாரிலயே கெடக்கு. பையில அப்படி என்னத்த அடைக்கிற?

தங்கை: வைக்கிறேன், வைக்கிறேன். டூட்டிய விட்டுட்டு நீ இப்படித் திடுதிப்புனு ஹாஸ்டலுக்கு வந்து நின்னா எனக்கு ஒண்ணும் ஓடல.

அக்கா: நர்ஸுக்கு லீவே கெடையாதா? தங்கச்சி நாளைக்கு எல்லைக்குப் போறா. வழியனுப்ப வந்தேன்.

தங்கை: அம்மா ஏவி விட்டிருப்பாங்க. எப்படியாச்சும் தடுத்து நிறுத்துன்னு.

அக்கா: அம்மாவுக்குச் சாப்பாடு எறங்கல, அது உண்மை. ஆனா ஏவல... உக்காரேன்டி. ஜன்னலுக்கும் கதவுக்குமா எவ்வளவு நேரம் அலைவ?

தங்கை: உக்காந்தா இன்னும் மோசமா இருக்கு.

அக்கா: சரி, நடந்துக்கிட்டே சொல்லு. அகதி முகாம் ஆத்துக்கு எந்தப் பக்கம்?

தங்கை: இந்தப் பக்கம். குண்டு விழுறது அந்தப் பக்கம். சனங்க பாலத்தத் தாண்டி வர்றாங்க.

அக்கா: தண்ணி?

தங்கை: லாரில வரும்.

அக்கா: கரன்ட்டு?

தங்கை: பாதி நேரம் இருக்காது... எங்க புரொஃபசர்கூட இவ்வளவு குடையல.

அக்கா: நெறமாசமா ஒருத்தி வந்தா எங்க வச்சுப் பாப்பாங்க?

தங்கை: அக்கா, நான் படிக்கிறது உலக விவகாரம். வர்றவங்க சொல்றதக் கேட்டு எழுதி பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அனுப்பணும். பிரசவத்தப் பத்தி எனக்கென்ன தெரியும்?

அக்கா: சும்மா கேட்டேன்... நீ இங்க சேந்தப்போ சித்தப்பா சொன்னாரே, ஞாபகம் இருக்கா? வீட்டுச் சண்டையே தீரல, இவ உலகத்துக்குப் பஞ்சாயத்து பண்ணப் போறாளாம்னு.

தங்கை: நீதானே வாயடச்ச. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் சித்தப்பா, ஜெபம் பண்ணிட்டுத்தான் பஞ்சாயத்துல உக்காருவாங்கன்னு.

அக்கா: சொல்றியே தவிர சிரிக்க மாட்டேங்கிற.

தங்கை: தூக்கமில்ல.

அக்கா: எனக்கும்தான்... நான் வந்து ரொம்ப நேரம் ஆச்சுடி. வந்தப்போ உன் ரூம் பூட்டியிருந்துச்சு. எல்லாரும் சேப்பல்ல இருக்காங்கன்னு வார்டன் சொன்னாங்க. போய் கடைசி பெஞ்சுல உக்காந்தேன்.

தங்கை: இரு, அந்த ஸ்வெட்டர எடுத்து வச்சிடுறேன்.

அக்கா: எல்லைக்குப் போற பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா பேர் சொல்லி ஜெபம் பண்ணாரு உங்க போதகர். நானும் கண்ண மூடிக்கிட்டு, இப்ப உன் பேர் வரும், இப்ப வரும்னு இருந்தேன். ஆமென் வந்துருச்சு.

தங்கை: தெரிஞ்சுக்கிட்டேவா இவ்வளவு நேரம் என்னப் பை கட்ட விட்ட?

அக்கா: நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.

தங்கை: பயிற்சி குடுத்தாங்கக்கா. திடீர்னு சைரன ஓட விட்டாங்க. எல்லாம் மேசைக்கடியில போய் உக்காந்துக்கிட்டு ஒருத்தர ஒருத்தர் கேலி பண்ணிட்டிருக்காங்க. எனக்குக் கால் நகரல. நின்ன எடத்துலயே... நனைச்சுட்டேன்.

அக்கா: ம்.

தங்கை: அன்னிக்கே என் பேர எடுத்துடச் சொல்லிட்டேன். போர் நிறுத்தம் ஏன் நெலைக்க மாட்டேங்குதுன்னு நான் எழுதுனதுக்குத்தான் வகுப்புலயே முதல் மார்க். மேடையேறி வாய் கிழியப் பேசியிருக்கேன். உலக விவகாரம் படிக்கிறவளுக்கு உலகத்தப் பாத்தா நடுங்குது. யார்கிட்ட போய்ச் சொல்ல?

அக்கா: வீட்டுல சொல்றதுக்கென்ன?

தங்கை: அம்மா தெரு முழுக்கப் பெருமையடிச்சு வச்சிருக்காங்க. லீவு முடியிற வரைக்கும் தோழி வீட்டுல இருந்துட்டு, போய்ட்டு வந்தேன்னு சொல்லிடலாம்னு...

அக்கா: அட லூசே.

தங்கை: கேவலமா இருக்குல்ல?

அக்கா: வேலைக்குச் சேந்த புதுசுல ரத்தத்தப் பாத்து வார்டுலயே மயங்கி விழுந்தவ நான். பேஷன்ட்டோட அண்ணன்தான் என்னத் தூக்கி உக்கார வச்சு விசிறிவிட்டாரு.

தங்கை: நீயா? சொல்லவே இல்லயே.

அக்கா: இதெல்லாம் சொல்லிட்டுத் திரிவாங்களா?

தங்கை: அக்கா... அம்மாகிட்ட நீயே சொல்லிடேன். நீ சொன்னா கேப்பாங்க. சாயங்காலம் பஸ்ஸப் புடிச்சு ரெண்டு பேருமா வீட்டுக்குப் போய்டலாம்.

அக்கா: நீ போ. நீயே சொல்லு. உன்னப் பத்தியும் சொல்லு... என்னப் பத்தியும் சொல்லு.

தங்கை: உன்னப் பத்தி என்ன இருக்கு?

அக்கா: லீவெல்லாம் போடலடி. எங்க ஆஸ்பத்திரியில இருந்து ஒரு குழு இன்னிக்கு மத்தியானம் அந்த முகாமுக்குக் கெளம்புது. நீ அங்க தனியா இருப்பியேன்னுதான் பேர் குடுத்தேன். காலையில ஜெபத்துல உன் பேர் வரலன்னதும் என் பேர எடுத்துடச் சொல்லலாம்னு ஃபோனக் கையில எடுத்தேன்... மனசு வரல.