நோம்பித் தண்ணீர்

எங்கள் ஊரில் காபி போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பட்டணத்தில் பி.ஏ. முடித்து ஊர் திரும்பியபோது, இந்தப் படிப்பால் வீட்டுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று அப்பா தேடிப் பார்த்தார். காபி கிடைத்தது. அப்பா ஊர் மணியக்காரர் என்பதால் சர்க்கார் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சர்வேக்காரர், அம்மை குத்துகிறவர், அணை ஆபீஸ் ஆள், எல்லோருக்கும் நான்தான் காபி. ஆடிப் பதினெட்டு அன்று காலை அணை ஆபீஸ் தண்டாயுதபாணி எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் காபிக்காகத்தான். இல்லாவிட்டால் நேரே சாவடிக்குப் போய்த் தண்டோராப் போடும் சென்றாயனிடமே சேதியைச் சொல்லியிருப்பான். எல்லோரும் பிழைத்திருப்பார்கள். அதற்காக நீங்கள் காபியைக் கைது செய்ய முடியாது.

சென்றாயனை விட்டுவிடுங்கள். பரிதாபப்பட்டுச் சொல்லவில்லை. அவன் குடித்துவிட்டுத் தண்டோராப் போட மறந்தான் என்று எழுதி வைத்திருக்கிறீர்களாம். ஊரில் யாரையாவது கேட்டிருக்கலாம். குடித்தால் அவன் இன்னும் பலமாக அடிப்பான். இத்தனை பெரிய காரியத்தை அவன் பெயரில் எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். அதற்கு வேண்டிய மூளை அவனிடம் இல்லை.

மறுபடியும் ‘வீட்டுக்குப் போம்மா’ என்று சொல்லாதீர்கள். எழுதுங்கள்.

எங்கள் ஊருக்கு நேராகக் காவேரியின் நடுவில் ஒரு திட்டு இருந்தது. பாய் நெய்கிற கோரை அங்கே நன்றாக விளையும். நிலம் அப்பாவுடையது. அறுக்கிறவர்கள் எங்கள் பண்ணையாட்கள். அணை கட்டுவதற்கு முன்னால், ஆனி பிறந்தால் திட்டில் ஒரு நாய்கூடத் தங்காது. நான் பிறந்த இரத்தாட்சி வருஷத்து வெள்ளம் கோயில் மணிவரைக்கும் ஏறி நின்றது என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். பிறகு அணை வந்தது. ஆறு அடங்கியது. ஒருவன் திட்டில் குடிசை போட்டான், ஒன்றும் ஆகவில்லை. அவன் மச்சான் பக்கத்தில் ஒன்று போட்டான். கோழிக்கூடு வந்தது, மாரியம்மனுக்கு ஒரு கல் வந்தது, கல்யாணம், பிரசவம் எல்லாம் அங்கேயே நடந்தன. ஆட்கள் திட்டிலேயே கிடந்தால் அறுப்புக்குக் கூப்பிட ஆள் அனுப்ப வேண்டியதில்லை என்று அப்பாவுக்கும் சந்தோஷம். மேலே அணை இருக்கிறது, இனி வெள்ளம் என்ற பேச்சே இல்லை என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார்.

அணை வெள்ளத்தைத் தின்றுவிடுவதில்லை. நிறைகிறவரை வைத்துக்கொள்ளும். நிறைந்தபின் மைசூர்ச் சீமையில் மழை பெய்தால், வந்ததை வந்தபடி கீழே விட்டுத்தான் ஆகவேண்டும். இது தெரிய பி.ஏ. வேண்டாம். நிறைந்த குடம் வழியும் என்பது தண்ணீர் சுமக்கிற எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஆட்கள் ஆற்றை நிறம் பார்த்து அறிகிறவர்கள். தண்ணீர் சிவந்து, நுரையும் செத்தையுமாக வந்தால் மூட்டையைக் கட்டுவார்கள். தெளிவாக வந்தால் காலை நீட்டிப் படுப்பார்கள். அவர்கள் அப்பன் காலத்தில் அது சரி. இப்போது செம்மண் அணைக்குள்ளேயே படிந்துவிடுகிறது. மதகைத் திறந்தால் ஊரை அடிக்கிற வெள்ளமும் தெளிவாகத்தான் வரும்.

இதை நான் அவர்களுக்குச் சொன்னேன். களத்துமேட்டில் வைத்து, ஒரு சொம்பில் செம்மண்ணைக் கரைத்து, தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் சாய்த்துக் காட்டினேன். பரிசல் போடுகிற அங்கமுத்து சொம்புக்குள் எட்டிப் பார்த்தான்.

“அம்மிணி, சொம்புத் தண்ணிக்குக் காலும் இல்ல, கோவமும் இல்லீங்க. காவேரி என்ன களவாணியா, வேசம் மாத்திக்கிட்டு வாரதுக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

போன வருஷம் ஆடியில், தண்ணீர் திறந்தாலும் திறப்பார்கள் என்று அணையிலிருந்து சேதி வந்தது. பொறுத்துப் பார்க்கலாம் என்றார் அப்பா. நான் பொறுக்கவில்லை. நானே சென்றாயனைக் கூப்பிட்டுத் தண்டோராப் போடச் சொன்னேன். திட்டுச் சனம் முழுக்கச் சட்டிபானை, ஆடு, கோழியோடு ஏறி வந்து எங்கள் மேட்டுக்காட்டில் சாரலில் நனைந்துகொண்டு உட்கார்ந்தது. பெருமாயி என்று ஒருத்தி, பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. அவளும் ஏறி வந்தாள். தண்ணீர் வந்தது. வெள்ளாட்டுக் குளம்பு நனைகிற அளவுக்கு வந்தது. மேலே மழை விட்டுவிட்டதாம், மதகை இறக்கிவிட்டார்களாம். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்குப் பழனியம்மாள் ஒரு கும்மி கட்டினாள். கோரை அறுக்கிற பொம்பளை. கையெழுத்துப் போடத் தெரியாது. அங்கமுத்துவின் பெண்டாட்டி.

*பட்டணம் போயிப் படிச்ச அம்மிணி*
*பாத்துச் சொன்னாளாம் வெள்ளமின்னு*
*சட்டியும் பானையும் தூக்கிக்கிட்டு – நாங்க*
*சாரல் மழையில மேடேறி*
*வெள்ளம் வந்துச்சாம் வெள்ளம் வந்துச்சாம்*
*வெள்ளாட்டுக் குட்டி கொளம்பு நனைய*

இன்னும் இரண்டு அடி உண்டு. அது எனக்கு மறந்துவிட்டது. பட்டிக்காட்டுப் பாட்டு, அதையெல்லாம் யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். என்னை அது ஒன்றும் செய்யவில்லை. கிணற்றடியில் பிள்ளைகள் பாடின. அறுப்பில் பாடினார்கள். எங்கள் அடுப்படியில் பாத்திரம் துலக்குகிறவள், நான் பின்னால் நிற்பது தெரியாமல் பாடினாள். ராசிபுரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வண்டியை விட்டு இறங்கும்போது, ஆடு மேய்க்கிற பிள்ளைகள் கடைசி இரண்டு அடிவரைக்கும் பாடிக் காட்டின. மாப்பிள்ளையின் தாயார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். காபி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வருத்தமே இல்லை. மாப்பிள்ளைக்கு நெய் வியாபாரம். ஆளும் நெய் மாதிரிதான், கொஞ்சம் வெயில் பட்டால் உருகிவிடுவான்.

இந்த ஆடிப் பதினெட்டன்று அப்பா வீட்டில் இல்லாததற்குக் காரணம் அவன்தான். இன்னொரு தரம் கேட்டுப் பார்க்கிறேன் என்று முதல் பஸ்ஸுக்கே ராசிபுரம் போயிருந்தார். தண்டாயுதபாணிக்குக் காபியை நான் கொடுத்தேன், சேதியை என்னிடம் கொடுத்தான்.

“அம்மிணி, அணை ததும்பி நிக்குதுங்க. மேல மழ நிக்கக் காணோம். மதகெல்லாம் தூக்கியாச்சு. பொழுது சாயறதுக்குள்ள இங்க வந்துருமுங்க. போன வருசமாட்ட இல்ல, இது நெசம். திட்டுல ஒரு உசுரு இருக்கப்படாது. இப்பவே தண்டோராப் போடச் சொல்லிருங்க.”

“சொல்றேன்.”

“மறந்தறாதீங்க. நான் அடுத்த ஊருக்குப் போகோணும். காபி சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமுங்க.”

அவன் போனபின் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அதற்குள் சென்றாயன் சாவடியிலிருந்து வந்து எங்கள் மாட்டுக்கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தான். என்ன சோலி அம்மிணி என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன். ஆத்தா சாயங்காலம் படித்துறைக்குப் போவதாக இருந்தாள். வெயிலுக்கு முன்னாலேயே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடு என்று அவளை அனுப்பினேன். அவளும் போய்விட்டுச் சீக்கிரமே வந்துவிட்டாள்.

திட்டு ஆட்களில் யாராவது வந்து கேட்டால் சொல்லிவிடுவது, கேட்காவிட்டால் விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அது நியாயமான தீர்மானம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. ஒரு வருஷமாக என் சொல் வேண்டாம் என்று தாளம் போட்டுப் பாடினவர்கள். வேண்டாதவர்கள் வாயில் மருந்தைப் புகட்ட நான் யார்? சைக்கிள் வந்து போனதைத் திட்டிலிருந்தே பார்த்திருப்பார்கள். கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை.

அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒருத்தி கேட்டாள்.

பெருமாயி வந்தாள். முழங்கால் தண்ணீரில் இறங்கி, இடுப்பில் பிள்ளையோடு, நோம்பிக்கு மஞ்சள் வாங்க வந்தவள் எங்கள் புறக்கடையில் நின்றாள்.

“ஏனுங்க அம்மிணி, அணையாளு சைக்கிளு வந்துட்டுப் போச்சே. ஏறிக்கோணுங்களா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, எல்லாத்தையும் இழுத்துக்கிட்டு ஏறிப்போடறேன். பாடறவளுக பாடிட்டுப் போறாளுக.”

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். என்னோடு சேர்ந்து சிரித்தாளோ, என்னைப் பார்த்துச் சிரித்தாளோ, தெரியாது. அந்த ஒரு வருஷத்தில் யார் சிரித்தாலும் எனக்கு ஒரே சிரிப்பாகத்தான் கேட்டது.

“பதினெட்டுக்குன்னே தண்ணி விடறாங்க, பெருமாயி. நோம்பித் தண்ணி. எறங்கி நல்லாக் கும்பிடுங்க.”

“அப்படிங்களா. மகராசியா இருங்க சாமி. எல்லாத்துகிட்டயும் சொல்லிப்போடறேன்.”

சொன்னாள். சென்றாயன் தண்டோராவைவிட நன்றாகவே சொன்னாள். அந்த ஒரு வருஷத்தில் முதல் தடவையாக, நான் சொன்னதைத் திட்டு முழுவதும் நம்பியது.

நான் கரையில் பூவரச மர நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். ஒளிந்துகொள்ளவில்லை. அவர்கள் அத்திமரத்தில் தூரி கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் தண்ணீர் ஓரத்தில் ஏழு கல் நட்டு, கன்னிமாருக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வந்தது. நான் சொம்பில் சாய்த்துக் காட்டினேனே, அதே மாதிரி. அடியில் கிடக்கிற கூழாங்கல் தெரிந்தது. குலவையிட்டார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி விட்டார்கள். தண்ணீர் ஏழு கல்லையும் எடுத்துக்கொண்டது. மேலே தள்ளி நட்டார்கள். அதையும் எடுத்துக்கொண்டது.

“கன்னிமாருக்கு இன்னிக்குக் குளிச்சுத் தீரலடி” என்று பழனியம்மாள் கத்தியது கரைவரைக்கும் கேட்டது. நல்ல தொண்டை அவளுக்கு. அதற்கும் சிரித்தார்கள்.

இடுப்பளவு வந்தபிறகுதான் சிரிப்பு நின்றது. அப்போதும் பாதிப் பேர் அசையவில்லை. ஏறுவதற்கு அங்கே மேடும் இல்லை. “செவக்கலயே, இன்னும் செவக்கலயே” என்று அங்கமுத்து ஆற்றைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பரிசலில் பிள்ளைகளைத் தூக்கிப் போட்டான். கரை சேர்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அந்தத் தடவை அவன் வரவில்லை. குடிசைகள் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்தன. தூரிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேர் நின்றார்கள். பழனியம்மாள் என்னைப் பார்த்துவிட்டாள். கையை ஆட்டினாள். கூப்பிட்டாளா, வைதாளா, சத்தத்தில் கேட்கவில்லை. நானும் கையை ஆட்டினேன்.

பிறகு அத்திமரம் சாய்ந்தது. அதோடு தண்ணீர் சிவந்தது. திட்டின் மண் கரைந்து போனதால் வந்த நிறம் அது. அவர்கள் எதிர்பார்த்த நிறம்தான், பார்க்க அங்கே யாரும் இல்லை.

பிணங்கள் கீழே கோரைக்காட்டிலும் வாய்க்கால் மதகடியிலும் ஒதுங்கியதை நீங்களே போய்ப் பார்த்தீர்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை. கரை சேர்ந்த பிள்ளைகள் எங்கள் மாட்டுக்கொட்டகையில்தான் இருக்கின்றன. வெல்லம் கூடப் போட்டுக் காபி கொடுக்கிறேன், குடிக்கின்றன. பெருமாயியின் குழந்தையும் அதில் இருக்கிறது. நடக்கப் பழகுகிறது. அப்பா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஆற்றின் மேல்தான் கோபம் என்று ஆத்தா சொல்கிறாள்.

அணை என்ன செய்யும், அது ஆள் அனுப்பிச் சொன்னது. தண்டாயுதபாணி சொன்னான். சென்றாயன் ஏவினால் அடித்திருப்பான். சேதி என்னிடம் வந்து நின்றது. நான் நிறுத்தினேன். போதாததற்கு ஒரு பொய்யும் சொன்னேன். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் எழுதுங்கள், நான் ஆட்சேபிக்கவில்லை. ஏன் செய்தேன் என்பதை மட்டும் சரியாக எழுதுங்கள். அறிவு வரட்டும் என்று செய்தேன். தெளிந்த தண்ணீரும் கொல்லும் என்று இனி இந்தக் கரையில் எவனுக்கும் சொம்பில் காட்ட வேண்டியதில்லை. ஒரு பாட்டுக்காகச் செய்தாள் என்று ஊரில் யாராவது வந்து உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். படித்தவள் அப்படிச் செய்வாளா?

அந்தப் பாட்டை இப்போது யாரும் பாடுவதில்லை. பிள்ளைகளைப் பாடச் சொல்லிப் பார்த்தேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கின்றன. கரைமேல் இருப்பவர்களுக்கு அடிகள் முன்பின்னாகத்தான் தெரியும். பழனியம்மாள் கட்டியது கட்டியபடி, ஒரு சொல் பிசகாமல் தெரிந்தவள் ஊரில் இப்போது நான் ஒருத்திதான். கையெழுத்துக்கு முன்னால் விட்டுப்போன இரண்டு அடியையும் எழுதிக்கொள்ளுங்கள். வாக்குமூலம் அரைகுறையாக இருக்கக்கூடாது.

*ஆத்து வெள்ளத்துக்கு நாள் குறிச்சா – அந்த*
*அம்மிணிக்கு நாள் குறிக்க ஆளு இல்லே.*