ரெண்டாவது ரயில்வே கேட்

— அண்ணே, வீட்டு வாசலுக்கு வந்துட்டேன். ஆனா சுமிரேவைக் காணோம்.

— காணோமா? டேய் ஷுன்பெய், நூத்துப் பதினாலு பேர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி உனக்கு ரெண்டு நிமிஷம் வாங்கிக் கொடுத்திருக்கேன். "சைக்கிள் பந்தயம் அவன் ஊர் வழியா போகுது, பையன் முன்னாடி போய் பொண்டாட்டியைப் பார்த்துட்டு ஓரமா நிப்பான், நீங்க வந்ததும் சேர்ந்துக்குவான், ஏமாத்த மாட்டான்"னு வாக்குக் கொடுத்திருக்கேன். வீட்டுக்குள்ள போய்த் தேடுடா!

— ஸ்கூல் பேண்டு செட்டு நிக்குது. ஆப்பிள் தோட்டத்துக்காரங்க எல்லாரும் நிக்கிறாங்க. என் பேரை எழுதி ஆறு முழத்துல துணி கட்டியிருக்காங்க. அவ மட்டும் இல்லண்ணே. அப்பாதான் சோத்து உருண்டையை வச்சுக்கிட்டு...

— தள்ளுடா, நான் பேசுறேன். எங்க வாயை வைக்கணும்? இந்தக் காலர்லயா? ஹலோ! ஹலோ!

— ஐயோ காது! யாருய்யா ரேடியோவுல?

— இவனைப் பெத்தவன். கென்ஸோ. இருபத்தெட்டு வருஷம் வட்ட மைதானத்துல சைக்கிள் ஓட்டினவன். உங்களை மாதிரி மலை மலையாச் சுத்தி ஊரு பார்க்கிற கூட்டம் இல்ல. ரெண்டு கிலோமீட்டர், கண்ணை மூடித் திறந்தா முடிஞ்சுது, ஜெயிச்சவன் ஜெயிச்சவன். நீங்கதான் அந்த நமிகாவாவா?

— ஆமாங்க. அணி மேலாளர். பின்னாடி கார்ல வரேன். மருமக எங்கங்க?

— டியூட்டிக்குப் போயிட்டா. இன்னிக்கு லீவுதான் போட்டிருந்தா. விடிஞ்சதும் போன்: ஒரு டிரைவருக்குக் காய்ச்சல், கமிசாவா ரயிலை எடுக்க ஆளில்லன்னு. வேற யாராவது இருந்தா சாக்குச் சொல்லிருப்பாங்க. இவ சொல்லுவாளா? தொப்பியை மாட்டினா, கையுறையைப் போட்டா, போயிட்டா.

— அப்பா, விடுங்க, மைக் கழண்டு வருது. மன்னிச்சிடுங்கண்ணே.

— நீ ஏண்டா மன்னிப்புக் கேக்குறே?

— பதினஞ்சு வருஷம்ணே. நான் ஓட்டி அவ ஒரு தடவைகூட நேர்ல பார்த்ததில்ல. பந்தயம்னா ஞாயித்துக்கிழமை, ஞாயித்துக்கிழமைன்னா அவளுக்கு டியூட்டி. டிவியில பார்த்தாலும் என்னைக் காட்டுறது எப்போ? சட்டைக்குள்ள ஒன்பது தண்ணி பாட்டிலைத் திணிச்சுக்கிட்டு, முதுகு வீங்கிப் போய், மத்தவனுக்குக் கொடுக்கப் போறப்போதான். பெல்ஜியத்துல மூணு வருஷம் உருளைக்கிழங்கும் மழையும் தின்னேன். காறை எலும்பை நாலு தடவை உடைச்சேன். இதுதான் கடைசிப் பந்தயம், இன்னிக்கோட முடிஞ்சுது. ஒரே ஒரு தடவை, நான் முன்னாடி வர்றதை அவ பார்க்கணும்னு நினைச்சேன். அவ்ளோதான்.

— சரி சரி, அழுது வைக்காதே. உருண்டையைத் தின்னுட்டு ஓரமா நில்லு. நாங்க வந்துடுவோம்.

— எப்போண்ணே? ரெண்டு நிமிஷம் எப்பவோ ஆச்சே.

— அதான்... வந்து... இங்க ஒரு சின்னக் கூத்து.

— என்னாச்சு? யாராவது விழுந்துட்டாங்களா?

— யாரும் விழல. நிக்கிறோம். உங்க ஊருக்கு முன்னாடி இருக்கே ரயில்வே கேட்டு, அது மூடிடுச்சு.

— அது எப்படி மூடும்? ரயில் நேரமெல்லாம் பார்த்துத்தானே பந்தயத்துக்கு நேரம் குறிச்சாங்க!

— பார்த்துத்தான் குறிச்சாங்க. வழக்கமான வேகத்துல வந்திருந்தா கேட்டைத் தாண்டி எப்பவோ போயிருப்போம். "பாவம் ஷுன்பெய், பொண்டாட்டிகிட்ட நல்லா பேசட்டும்"னு மொத்தக் கூட்டமும் உலாத்திக்கிட்டு வந்துச்சு. ஒருத்தன் வாழைப்பழம் உரிச்சான். ஒருத்தன் பாட்டுப் பாடினான். இப்போ கேட்டை ஒட்டின ஸ்டேஷன்ல ஒரு வண்டி, ஒத்தைத் தண்டவாளமாம், எதிர் வண்டிக்காகக் காத்துக்கிட்டு நிக்குது, கேட்டு தூக்குறதா இல்ல.

— எந்த வண்டிண்ணே?

— ரெண்டு பெட்டி. கமிசாவா போற வண்டி.

— ரெண்டு மணி ரெண்டு நிமிஷத்துக்குக் கிளம்புற வண்டியா? அது சுமிரே வண்டி!

— என்னது? இரு, எட்டிப் பார்க்கிறேன்... ஆமாண்டா! ஒரு அம்மா கண்ணாடிக்குப் பின்னாடி நிமிர்ந்து உக்காந்திருக்கு. சிக்னலைப் பார்த்து விரலை நீட்டுது, கடிகாரத்தைப் பார்த்து விரலை நீட்டுது.

— அவளேதான். டிரைவர் பழக்கம்ணே, வீட்டுல அடுப்பை அணைச்சாக்கூட விரலை நீட்டி "அடுப்பு, சரி!"ன்னு கத்துவா. கல்யாணத்துல பூசாரி அரை நிமிஷம் லேட்டுன்னு அவரைப் பார்த்தும் விரலை நீட்டினா. பதினோரு வருஷத்துல அவ வண்டி ஒரு செகண்டு தவறினதில்ல.

— டேய், இப்போ எங்களையே பார்க்குது. ஒவ்வொரு முகமாத் தேடுது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம்... ஐயோ.

— என்னண்ணே?

— தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. நீ கூட்டத்துல இல்லையே! பாதி வழியிலேயே விட்டுட்டு கார்ல ஏறிட்டேன்னு நினைச்சிருக்கும்.

— ஐயையோ! சொல்லுங்கண்ணே! நான் முன்னாடி இருக்கேன்னு கத்திச் சொல்லுங்க!

— கத்தாம இருப்பேனா? கண்ணாடி மூடியிருக்கு. கையைக் காலை ஆட்டினேன், ஸ்டேஷன் மாஸ்டர் வந்து தண்டவாளத்துக்கிட்ட நிக்காதீங்கன்னு குனிஞ்சு கும்பிடுறார்.

— மருமக கண்ணு கலங்கிச்சா? டேய், ஏறுடா சைக்கிள்ல!

— அப்பா, முடியாதுப்பா. வாக்குக் கொடுத்திருக்கேன். எனக்காக மெதுவா வந்துதான் மாட்டிக்கிட்டாங்க. இப்போ நான் ஓடினா அவங்க முகத்துல எப்படி முழிப்பேன்?

— எதுக்கு அந்த ரெண்டு நிமிஷ லீவு கேட்டே?

— சுமிரேவைப் பார்க்க.

— பார்த்தியா?

— இல்ல.

— அப்போ லீவு முடியலடா மண்டு! அவ எங்க போறா? கமிசாவா. பந்தயம் எங்க முடியுது? கமிசாவா. ரோடு எங்க போகுது? தண்டவாளத்தை ஒட்டி, ஆத்தோரமா. நடுவுல ஒன்பது ஸ்டேஷன், அவ ஒவ்வொண்ணுலயும் நிக்கணும். நீ நிக்க வேணாம். பந்தயமே கட்டுறேன், பிடிச்சுடலாம்!

— அண்ணே, அப்பா சொல்றது...

— கேட்டேன், கேட்டேன். கார்லேர்ந்து இறங்கிட்டேன். மொத்தப் பந்தயத்துலயும் முதலிடத்துல இருக்கிற மஞ்சள் சட்டை இனாக்கிகிட்டதான் போய்க்கிட்டு இருக்கேன். அவன் சரின்னா கூட்டமே சரி. ஒரு நிமிஷம் இரு.

— என்ன சொல்றான்? என்ன சொல்றான்?

— சிரிக்கிறான். வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான். எல்லாரும் சிரிக்கிறாங்க. இனாக்கி சொல்றான்: "லீவு ரத்து. வாக்கும் ரத்து. இந்த நிமிஷத்துலேர்ந்து பந்தயம். கேட்டு திறந்ததும் உன்னை நாய் மாதிரி துரத்துவோம், ஒரு மீட்டர்கூட சும்மா தரமாட்டோம். ஓடு கிழவா!" டேய், ஓடு! இருபத்தெட்டு கிலோமீட்டர்! மூணே கால் நிமிஷம் முன்னாடி இருக்கே!

— கிளம்பிட்டேண்ணே!

— வாயில என்ன?

— உருண்டை.

— முழுங்கு!

— அந்தத் துணியைத் தூக்கிப் பிடிங்கடா, என் மகன் போறான்! டேய் ஷுன்பெய், முதுகைக் குனி! குனிடா! வட்ட மைதானத்துல ஓட்டுற மாதிரி ஓட்டு!

— ஷுன்பெய், கேட்டு திறந்தாச்சு. கிளம்பிட்டோம். விளையாட்டில்ல, மிதிக்கிறானுங்க.

— வலது பக்கம் அவ வண்டி தெரியுதுண்ணே! ஆத்துக்கு அந்தக் கரையில!

— உன்னைப் பார்க்குதா?

— எங்க பார்ப்பா? ஓட்டும்போது அவ பக்கவாட்டுல திரும்பவே மாட்டா. தண்டவாளத்தை மட்டும்தான் பார்ப்பா.

— அப்போ அவ முன்னாடி போ. இன்னும் எத்தனை கிலோமீட்டர்?

— பதினெட்டு. கால் ரெண்டும் கல்லாயிடுச்சு.

— மேடு வருது. இடைவெளி ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. பயப்படாதே. நீ பதினஞ்சு வருஷம் மத்தவனுக்குக் காத்தை மறைச்சவன், உனக்குக் காத்து என்ன புதுசா?

— இன்னிக்குக் காத்து கொஞ்சம் அதிகம்ணே. ஆனா என்னவோ... அண்ணே, எனக்குச் சிரிப்பு சிரிப்பா வருது.

— சிரி, மிதிச்சுக்கிட்டே சிரி! ஒண்ணரை நிமிஷம்!

— பன்னெண்டு கிலோமீட்டர். ஸ்டேஷன்ல வண்டி நிக்குது, தாண்டிட்டேன்! தாண்டிட்டேண்ணே! பிளாட்பாரத்துல குடை வச்சிருந்த ஒருத்தர் எனக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டார்!

— அம்பது செகண்டு! அஞ்சு கிலோமீட்டர்! ஷுன்பெய், நிஜமாச் சொல்றேன், நீ ஜெயிக்கப் போறே. எப்பவாவது ஜெயிச்சிருக்கியா?

— பதினோராவது வந்திருக்கேன். ஒரு தடவை. முன்னாடி பத்து பேர் வழி தப்பிட்டாங்க.

— இன்னிக்கு முதல் ஆளு! நான் ஸ்டியரிங்கைக் குத்தின குத்துல ஹாரனே கெட்டுப்போச்சு. முப்பத்தொண்ணு! இருபத்தாறு! ஒரு கிலோமீட்டர்தான்! மிதி! மிதி! ஏண்டா நின்னே? டேய்! ஏண்டா நின்னுட்டே?

— கேட்டு விழுதுண்ணே.

— எந்தக் கேட்டு?

— கமிசாவா ஸ்டேஷனுக்கு முன்னாடி. ரெண்டாவது கேட்டு.

— குனிஞ்சு பூந்து போ! வேணாம், வேணாம், போகாதே, பந்தயத்தை விட்டே தூக்கிடுவாங்க. ஐயோ, இடைவெளி அரை நிமிஷத்துக்கு மேல இருந்தாலாவது எல்லாரையும் நிறுத்தி, உன்னை அதே இடைவெளியில முன்னாடி விடுவாங்க. இருபத்தாறுக்கு ஒண்ணும் கிடையாது. இரு, யோசிக்கலாம். ரெண்டே பெட்டி. சர்ருன்னு போனா பத்து செகண்டு. உடனே கேட்டு தூக்கும். அப்பவும் நீதான் முன்னாடி. கம்பத்தைப் பிடிச்சுக்கோ, காலைக் கழட்டாதே. ஜெயிக்கலாம்டா!

— வண்டி வருதுண்ணே.

— நல்லது. வந்துட்டுப் போகட்டும்.

— அவதான். நேரா என்னைப் பார்த்துட்டா.

— பார்த்தாச்சுல்ல? போகட்டும், போகட்டும்!

— வெள்ளைக் கையுறை விரலை என் நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டா. கத்துறா. சத்தம் கேக்கல. வாயசைவு தெரியுது.

— என்னன்னு?

— "முன்னால் ஷுன்பெய், சரி!"

— அழுறியாடா?

— வேர்வைண்ணே.

— சரி, வேர்வை. பெட்டி போயிடுச்சா?

— இன்னும் இல்ல.

— இன்னும் இல்லையா? ரெண்டு பெட்டி போக எவ்ளோ நேரம்டா? உன் முதுகு எனக்கே தெரியுது, இதோ கூட்டம் உன் மேல வந்து விழுது! போச்சு, எல்லாம் போச்சு! ஏன் நத்தை மாதிரி ஊருது அந்த வண்டி? இஞ்சின்ல ஏதாவது கோளாறா?

— கோளாறெல்லாம் இல்லண்ணே. பதினோரு வருஷத்துல முதல் தடவையா, சுமிரே லேட் பண்றா.