பதம் போடாத பிரேக்

பிரேக் பேட் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு என்றால் வேகமான வண்டிக்கு என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இதே தொழிலில் இருக்கிறேன். நிறத்துக்கும் பிடிப்புக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எந்தச் சூட்டில் கடிக்கும், எந்தச் சூட்டில் கைவிடும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

என் தம்பியின் பந்தயக் காருக்கு நான் போட்டது நல்ல பேட். அதில் குறை இல்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் காரை ஆறு வருடம் இருவருமாகக் கட்டினோம். ஓட்டுவது அவன், மற்ற எல்லாம் நான். பெரிய பந்தய அணி ஏதாவது கூப்பிட்டால் இரண்டு பேருமாகத்தான் போவது என்று பேசி வைத்திருந்தோம். அதைச் சொன்னதே அவன்தான்.

அணி கூப்பிட்டது. அவனை மட்டும். அதன் மேலாளர் மரியாதைக்காக எனக்கும் போன் செய்தார். என்னைப் பற்றி ஏதாவது பேச்சு வந்ததா என்று கேட்டேன்.

"கார் செட்டிங் எல்லாத்தையும் அவரே பாத்ததா உங்க தம்பி சொன்னாரு. உங்களுக்குக் கை நடுங்குதாமே. உடம்பப் பாத்துக்குங்க சார்."

என் கை நடுங்குவதில்லை. வேண்டுமானால் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் தம்பி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மேலாளரிடம் பேசியதை அவனாகச் சொல்வான் என்று ஒன்பது நாள் காத்திருந்தேன். பத்தாம் நாள், அவன் போனில் என் நோட்டுப் புத்தகத்தின் படங்களைப் பார்த்தேன். அந்தக் காருக்கு நான் போட்ட ஆறு வருடக் கணக்கு, ஒரு பக்கம் விடாமல் எடுத்திருந்தான். அப்போதும் நான் சண்டை போடவில்லை. சண்டை போடுகிற சுபாவம் எனக்கு இல்லை.

மறு வாரம் அணிக்காரர்கள் முன்னால் அவன் ஓட்டிக் காட்ட வேண்டும். புது பேட் போட்டுக் கொடு என்றான். போட்டேன். ஆனால் புது பேடை அப்படியே பந்தயத்துக்கு விடக் கூடாது. நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து இருபதுக்கு அழுத்திக் குறைத்து, வண்டியை நிறுத்தாமல் மறுபடி ஏற்றி, பத்துத் தடவை அப்படிச் செய்ய வேண்டும். பேடின் மெல்லிய படலம், அது அழுத்திப் பிடிக்கும் இரும்பு டிஸ்க்கில் ஏறும். பிறகு பிரேக்கைத் தொடாமல் ஓட்டிக்கொண்டே ஆறவிட வேண்டும். இதைத்தான் பதம் போடுவது என்கிறோம். போடாவிட்டால் முதல் கடுஞ்சூட்டில் பேடுக்குள் இருக்கும் பிசின் ஆவியாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் வந்து நிற்கும். மிதி கல் மாதிரி இருக்கும், வண்டி நிற்காது.

காரைப் பக்கத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் காலிச் சாலைக்கு ஓட்டிப் போனேன். ஒரு மரத்தடியில் நிறுத்தி, நாற்பது நிமிடம் போனில் ரேடியோ கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

"பதம் போட்டாச்சா அண்ணா?" என்று கேட்டான்.

"பத்துத் தடவை. நம்பி மிதி."

ஓட்டிக் காட்டிய அன்று, முதல் இரண்டு வளைவில் பிரேக் பிடித்தது. மூன்றாவது வளைவுக்கு முன்னால் நீளமான நேர்பாதை. நான் வேலியருகே நின்றிருந்தேன். பின்விளக்கு சரியான இடத்தில் சிவந்தது. கார் மட்டும் அதே வேகத்தில் போய்ச் சுவரில் மோதியது.

ஆஸ்பத்திரியில் அவன் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பதினெட்டு நாளாக அவனுக்குக் கஞ்சி ஊட்டுவதும் துணி மாற்றுவதும் நான்தான். நர்ஸ் கூட, இப்படி ஒரு அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்றார். நினைவு தெளிந்த அன்று தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். வெகுநேரம் என் முகத்தையே பார்த்தான்.

"யாரு கேட்டாலும் நான்தான் லேட்டா மிதிச்சேன்னு சொல்லிடு அண்ணா. நீ வேற எதுவும் பேசாத," என்றான்.

அதையேதான் உங்களிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறான். என் பிழை, வண்டியில் குறையில்லை என்று. நேற்று நீங்கள் அந்தத் தாளைக் காட்டி, விபத்து வழக்கின் கோப்பை மூடிவிடலாம், ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்றீர்கள். நான் போடாமல் எழுந்து போனதற்குக் காரணம் கேட்டீர்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவன் தாமதமாக மிதிக்கவில்லை. சரியாகத்தான் மிதித்தான். அந்தக் காரை நிற்காமல் செய்தவன் நான். என் வேலையை இந்த முறையும் அவன் தன் பெயரில் எழுதிக்கொள்ள நான் விடமாட்டேன்.