வடக்குச் சுவரில் ஒரு எஸ்

— கதவே இல்லாத சுவத்துல எவனாவது கடப்பாறை போடுவானா மாமா?

— திருடனுக்கு என்ன வாஸ்து சாஸ்திரமா தெரியும். உட்காரு மாப்ளே, நின்னுக்கிட்டே பேசாத.

— உட்கார வரல. நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் கூப்பிட்டிருக்கான். அதுக்குள்ள உங்க கம்ப்யூட்டரத் திறந்து காட்டணும்.

— மறுபடியுமா? நேத்துதானே மூணு மணி நேரம் உட்கார வச்சான்.

— அதே கேள்விதான். ஞாயித்துக்கிழமை ராத்திரி குடோன் காவல் உன் முறை. சாயங்காலம் ஆறு மணிக்கு எதுக்கு அதை இன்னொரு வாட்ச்மேன் தொப்பிக்காரர் தலையில கட்டுன? அன்னைக்குப் பார்த்துக் கொள்ளை நடக்குது, அந்த மனுஷன் மண்டை உடைஞ்சு கிடக்கார், உனக்கு முன்னாடியே தெரியும்லன்னு.

— நீ என்ன சொன்ன?

— உள்ளதைச் சொன்னேன். நம்பல.

— தொப்பிக்காரருக்கு நினைவு வந்துச்சா?

— மூணு நாளாச்சு. வரல.

— அதாவது, நான் கேக்குறது, இதுக்கும் என் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?

— அவனுங்க ஷட்டரை உடைக்கிறதுக்கு முன்னாடி வடக்குச் சுவத்துல அரை அடி தோண்டியிருக்கானுங்க. அங்க கதவு இல்ல, ஜன்னல் இல்ல. போலீசே தலையச் சொறியுது. நம்ம மேப்புல மட்டும் அந்த இடத்துல ஒரு எஸ் இருக்கு.

— எந்த மேப்பு?

— நடிக்காதீங்க மாமா. சனிக்கிழமை சனிக்கிழமை ஆன்லைன்ல கதை சொல்லிப் புதையல் தேடுற ஆட்டம் நடத்துறீங்களே, அந்தப் பாதாளக் கிடங்கு மேப்பு. கலர் கலரா ரெடிமேட் படம் வேணாம், பழைய காலத்து மாதிரி கோடும் சிம்பலும் போட்டுக் குடுன்னு கேட்டது யாரு? கதவுக்கு ஒரு சின்னப் பெட்டி, குழிக்குப் பெருக்கல் குறி, ரகசியக் கதவுக்கு எஸ்.

— நீ ஏதோ மனசுல தோணினத வரைஞ்சேன்னுல்ல நினைச்சேன்.

— ராத்திரி பூரா குடோனைச் சுத்துறவனுக்கு வேற என்ன தோணும்? கட்டத்துக்கு அஞ்சடி, அளவு பிசகாம வரைஞ்சேன். கேமரா பார்க்காத மூலை, ஒழுங்காப் பூட்டாத ஷட்டர், எல்லாம் நிஜம். 'அலையுற பூதம், முக்கால் மணிக்கு ஒருதரம்'னு எழுதியிருந்தேன்ல, அது ரவுண்டு போற நான்தான்.

— அடப்பாவி.

— அந்த எஸ் மட்டும்தான் பொய். ஆட்டத்துல ஒரு திருப்பம் இருக்கட்டுமேன்னு வச்சது.

— சரி, சொல்றதக் கேளு. அழிச்சிடுவோம். ரெண்டு நிமிஷ வேலை, இருந்த தடம் தெரியாது.

— அந்த எஸ்தான் எனக்கு இருக்குற ஒரே சாட்சி. நான் ஆள் அனுப்பியிருந்தா வெறும் சுவத்தைக் குத்த விட்டிருப்பேனா? மேப்பை நம்பினவன்தான் குத்துவான். அவன் யாருன்னு காட்டினாத்தான் இன்னைக்கு நான் வீடு திரும்புவேன்.

— உன்னையும் சேர்த்து அஞ்சு பேர் ஆடுறீங்க. அந்தப் பல் டாக்டர் மேல எனக்கு முதல்லருந்தே ஒரு இது. சிரிக்கவே மாட்டான்.

— பல் டாக்டர் ஆட்டத்துல இன்னும் கிணத்தைத் தாண்டி வரவே இல்ல. ஒருத்தரும் வரல. நாலு வாரமா ஒரு பெட்டியத் திறக்கலாமா வேணாமான்னு சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். போன இடம் மட்டும்தான் ஆடுறவங்களுக்குத் தெரியும், மிச்சம் இருட்டு. எஸ், ஆட்டம் நடத்துறவர் மட்டும் பார்க்குற லேயர்ல ஒளிஞ்சு கிடக்கு. அது தெரியற ஒரே திரை, இதோ இதுதான்.

— நீ வரைஞ்ச பேப்பரை எவனாவது பார்த்திருப்பான்.

— பேப்பர்ல எஸ் கிடையாது. சிம்பலெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துற அன்னைக்குத்தான் உங்களுக்கு ஃபோன் பண்ணி, வடக்குச் சுவத்துல ஒண்ணு வைங்கன்னு சொன்னேன்.

— மெதுவாப் பேசு. உள்ள உங்க அக்கா இருக்கா.

— இருக்கட்டும். அவளுக்கும் தெரியட்டும் புருஷன் லட்சணம்.

— சரி. நான்தான். போதுமா? போய் இன்ஸ்பெக்டர்கிட்ட அப்படியே சொல்லு.

— யாருக்குக் குடுத்தீங்க?

— குடுத்தேன், விடு. யாரா இருந்தா என்ன.

— எஸ் எத்தனாவது கட்டத்துல இருக்கு?

— என்னது?

— கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வடக்குச் சுவத்துல எத்தனாவது கட்டம்?

— நடுவுல எங்கயோ.

— மூலையிலருந்து ரெண்டாவது. கடப்பாறை விழுந்ததும் அங்கதான். அதை வச்சது நீங்க இல்ல.

— நான் கதை சொல்றவன்டா. எனக்கு மவுஸ் பிடிச்சா ஒரு கோடு கட்டத்துக்குள்ள நிக்காது. நீ ஃபோன்ல சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். உட்கார்ந்து ஒவ்வொண்ணா ஏத்தினது அவ.

— அக்காவா?

— போன வாரம் நான் வேலைக்குப் போயிருந்தப்ப உங்க அண்ணன் வந்துட்டுப் போயிருக்கான்.

— ஜெயில்லருந்து வந்தவனை அவ வாசப்படி ஏத்த மாட்டா. அவன் பேரை எடுத்தாலே தட்டைத் தூக்கி எறிவா.

— ஏத்தி, உட்கார வச்சு, சாப்பாடு போட்டிருக்கா. எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

— அவளுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது மாமா. திரையத் திறந்து வச்சுட்டு அடுப்படிக்குப் போயிருப்பா, அந்த நாய் ஃபோன்ல படம் பிடிச்சிருப்பான். அவன் பேரைச் சொல்லிட்டு நான் வெளிய வந்துடுவேன். அவளை இதுல இழுக்கவே வேணாம்.

— நானும் நேத்து வரைக்கும் அப்படித்தான் நினைச்சேன். ஞாயித்துக்கிழமை நீ எதுக்கு முறைய மாத்துன?

— அக்கா கூப்பிட்டா. வயித்துவலி தாங்கல, நீங்களும் ஊர்ல இல்லன்னு. விடியற வரைக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். எழுந்திரிக்கவே விடல, கையப் பிடிச்சுக்கிட்டே படுத்திருந்தா.

— நான் ஊர்லதான் இருந்தேன் மாப்ளே. ராத்திரி எங்க அம்மா வீட்டுல போய்ப் படுக்கச் சொல்லி மத்தியானமே என்னை அனுப்பி வச்சா.